அண்ணா பேருக்குக் கீழே

வெளிநாட்டு விமானம் என்றால் அண்ணா பேர் போட்ட கட்டடம்தான் என்று, தி.நகர்க் கடையில் சேலை மூட்டை இறக்கும்போதே விசாரித்துவிட்டேன். அதனால் சாயங்கால வெயிலில் விமான நிலையத்தில் அந்தப் பேருக்குக் கீழே, மகள் தமிழ்நிலாவைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகும் என் பெண்சாதி செண்பகத்தை ஏஜென்ட் மத்தியானமே வேனில் கூட்டிவந்துவிட்டான். இனி இரண்டு வருஷம் கழித்துத்தான் பார்க்க முடியும். தள்ளுவண்டிகள் கடகடவென்று உருள்கின்றன. கண்ணாடிச் சுவர் முழுக்க வெயில் சிவந்து கிடக்கிறது. போன் அடிக்கிறது, செண்பகம்தான். “மாமா, எங்க கீற?” “அண்ணா பேருக்குக் கீழதான் நிக்கிறேன். நீ எங்க?” “உள்நாட்டு ஏரோப்ளேன் போற காமராஜர் கட்டடத்துல கீறேன் மாமா. மொதல்ல பம்பாய் போய், அங்க வேற ஏரோப்ளேன் மாறணும். ஊரையே விசாரிப்ப, என்ன மட்டும் கேக்க மாட்ட.” “இரு, ஓடியாறேன்.” “வாணாம். உள்ள வுட்டுட்டாங்க, இனிமே வெளிய வர முடியாது. பாப்பாவ வெயில்ல நிக்க வெக்காத.” வைத்துவிட்டாள்.

“அதோ அம்மா” என்கிறாள் தமிழ்நிலா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சைச் சேலையில் யாரோ ஒருத்தி பெட்டி தள்ளிக்கொண்டு போகிறாள். செண்பகமும் காலையில் பச்சைதான் கட்டினாள். குழந்தை கையை ஆட்டுகிறாள். அந்த அம்மாள் நிற்கிறாள். யாருக்கோ என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறாள். அங்கே யாரும் இல்லை. மெதுவாகக் கையைத் தூக்கி ஆட்டுகிறாள். “அம்மா டாட்டா காட்டுது நைனா.” “ஆமாம்மா. நல்லா ஆட்டு.” கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு போகிறது. அவள் நகராமல் ஆட்டிக்கொண்டே நிற்கிறாள்.