பந்தி பிரித்தல்

பளீல் கொடுத்த கட்டுரை அவருடைய பிளாஸ்டிக் சாமான் கடைக்கே திரும்பி வந்துவிட்டது. மேலே சிவப்புப் பேனையால் ஒரே வரி: ‘பந்தி பிரித்து எழுதித் தரவும்.’

“பாத்தியா கைரியா? நான் அப்பவே சென்னேன்தானே, அவன் போட மாட்டான்னு” என்றார் மனைவியிடம்.

அவன் என்றால் ஹுஸைன் மாஸ்டர். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். பள்ளிவாசல் மேல்மாடித் திறப்புக்கு வெளியிடப்போகும் சிறப்பு மலருக்கு அவர்தான் ஆசிரியர்.

இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒரு தலைமுறை ஆகிறது.

அந்தப் பள்ளிவாசலை முதலில் கட்டியபோது, பளீலின் வாப்பா பகலெல்லாம் கூலிக்கு மூட்டை தூக்கிவிட்டு, அஸர் தொழுகைக்குப் பிறகு ஆற்றிலிருந்து மணல் சுமந்தார். அதற்கு ஒரு சதம் வாங்கவில்லை. திறப்பு விழாவன்று வாசலில் பேர்க்கல் பதித்தார்கள்.

எழுத்துத் தெரியாத அந்த மனிதர், “என்ட பேர் எந்த வரியில மகன்?” என்று கேட்டார்.

பளீல் மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டு, இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. காசு கொடுத்தவர்களின் பேர் மட்டும் போதும் என்று முடிவு செய்தவர் அப்போதைய பள்ளிவாசல் தலைவர். ஹுஸைன் மாஸ்டரின் வாப்பா.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட பளீல், இதையெல்லாம் இடைவெளி விடாமல் ஒரே பந்தியாகக் கொட்டி எழுதியிருந்தார். கல்லில் வராத பேர் அச்சிலாவது வரவேண்டும்.

கைரியா வாசித்துப் பார்த்தாள். கோபிக்கக் கூடாது என்று முதலிலேயே அவரிடம் சொல்லி வைத்தாள். மாமா மணல் சுமந்துகொண்டிருக்கும்போதே ஹுஸைன் குடும்பத்துக்கு ஏச்சு வருகிறது. ஏச்சு முடியுமுன் மாமா மௌத்தாகி அடக்கமும் ஆகிவிடுகிறார். அதற்குப் பிறகு மறுபடி மணல் சுமக்கிறார் என்றாள்.

“மௌத்தான மனுசன் எப்பிடிங்க பொறகும் மணல் சொமக்கிற?”

பளீல் தாள்களைத் திருப்பி வாங்கினார். கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

வாப்பா யார் என்பதற்கு ஒரு பந்தி. மணலுக்கு ஒன்று. அவருடைய ஜனாஸாவுக்கு ஊரே வந்து நின்றதற்கு ஒன்று. பேர்க்கல் விசயத்தையும் தனியாக எழுதினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அதை வெட்டினார். அதை விட்டுவைத்தால், அதையே சாட்டாக்கி ஹுஸைன் முழுவதையும் தள்ளிவிடுவான்.

புதிதாக எழுதியதை வாசித்துக் காட்டினார்.  முடிந்ததும் கைரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்பதான் மாமா மணல் கூடயோட நேர நடந்து வாறாரு” என்றாள்.

பளீல் அன்று இரண்டு பிடி சோறு கூடுதலாகத் தின்றார். பெரிய படிப்புப் படித்தவன்கூட இப்படி எழுதுவானா என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பள்ளி முற்றத்தில் அத்தனை பேருக்கு முன்னால் ஹுஸைன் மாஸ்டர் அந்தத் தாள்களைத் திருப்பி நீட்டினார்.

பளீலுக்குக் காது சூடேறியது.

“இன்னும் என்ன குற மாஸ்டர்? பந்தி பிரிச்சிட்டேன். ஒங்கட குடும்பத்தப் பத்தி ஒரு சொல்லு இல்ல. எங்கட வாப்பாட பேர் இந்த ஊர்ல எங்கயுமே வரக் கூடாதா?”

செருப்புத் தேடிக்கொண்டிருந்தவர்கள் தேடுவதை நிறுத்தினார்கள்.

ஹுஸைன் மாஸ்டர் குரலை உயர்த்தவில்லை. எழுத்து நன்றாக இருக்கிறது, ஒரு சொல்லைக்கூட மாற்றப்போவதில்லை என்றார். முதல் கட்டுரையாகப் போட இடம் ஒதுக்கிவிட்டதாகவும் சொன்னார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஒரு பந்திதான் கொறயுது பளீல் நானா. ஒங்கட வாப்பாட பேர எங்கட வாப்பா கல்லுல போடாம உட்ட பந்தி. அதயும் எழுதித் தாங்க. அது இல்லாம இந்த மலர நான் அச்சுக்கு அனுப்ப மாட்டேன்.”