வீட்டுக்குள் ஒரு விளையாட்டு

"பர்ஸான், அதக் கொஞ்சம் நிப்பாட்டு மகன். ஒன்ட சேர் வந்திரிக்கார்."

ஸுலைஹா இரண்டு தரம் சொல்லியும் மகன் திரும்பவில்லை. டீவிக்கு முன்னால் பாயில் குந்தியிருந்தான். திரையில் குட்டி விமானங்கள் ஒன்றையொன்று சுட்டு விழுத்திக்கொண்டிருந்தன. அவனுடைய பெருவிரல்கள் மட்டும் பட்டன்களின் மேல் துடித்தன.

கலந்தர் சேர் வாசலிலேயே நின்றார். பொத்துவிலிலிருந்து இந்தத் தவணைதான் மாற்றலாகி மருதமுனைக்கு வந்த கணித ஆசிரியர். வகுப்பில் நன்றாகச் செய்துகொண்டிருந்த பையன் திடீரென்று வராமல் போகவே, முகவரி விசாரித்துத் தேடி வந்திருந்தார்.

"எத்தின மணியில இருந்து விளையாடுறான் ராத்தா?" மூத்த சகோதரியிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"ஒழும்பினதில இருந்து இதுதான் சேர். இவன்ட வாப்பா சவூதியில இருந்து அனுப்பின கேம் பெட்டி."

"கதைக்கிறானா உங்களோட?"

"முந்தி கதைப்பான்." அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இப்ப கரண்ட் போனா சுவத்தில தலைய முட்டுறான்."

சொல்லிக்கொண்டே ஒரு பீங்கானில் சோறு போட்டு எடுத்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீனை முள் பார்த்துப் பிசைந்து ஊட்டினாள். பத்தாம் ஆண்டு படிக்கும் பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே வாயைத் திறந்தான்.

கலந்தருக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. உள்ளே போய்ச் சுவிட்சை நிறுத்தினார்.

பர்ஸான் கத்தவில்லை. கறுத்துப்போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைச் சுற்றிக் கருவளையம். பிறகு முழங்காலுக்குள் தலையைச் செருகிக்கொண்டு முனகினான்.

"இதை நான் கொண்டு போறன் ராத்தா. இவன்ட பரீட்சை முடிஞ்ச பிறகு வந்து வாங்குங்க. இப்படியே விட்டா இந்தப் புள்ள நமக்கு மிஞ்சாது."

ஸுலைஹா எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பெட்டியைச் சைக்கிளில் கட்டும்போது அவர் திரும்பிப் பார்த்தார். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தார். அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

பர்ஸான் பள்ளிக்கூடம் வந்தான். முதலில் காய்ச்சல்காரனைப் போலத்தான் வந்தான். மேசைக்குக் கீழே விரல்கள் தாமாகவே துடித்தன. பெயரைக் கூப்பிட்டால் சற்றுத் தாமதித்தே எழுந்தான். நாள் போகப் போக விரல்கள் அடங்கின. ஒரு நாள் கரும்பலகைக்கு வந்து, வகுப்பில் எவருக்கும் வராத கேத்திர கணிதக் கணக்கொன்றைச் செய்து முடித்துவிட்டுச் சிரித்தான்.

இடைவேளையில் அவனாகவே கலந்தரிடம் வந்தான்.

"சேர், இப்ப நித்திர வருது. கண்ண மூடினா பிளேன் ஒண்டும் வாறல்ல."

"இனி எல்லாம் சரியாகும்டா."

"சேர், ஓ.எல் பரீட்ச பாஸ் பண்ணினா நான் மேல கணக்குப் படிக்கலாமா? ஒங்களப் போல?"

அன்று கலந்தருக்கு மனம் நிறைந்துபோயிற்று.

அடுத்த கிழமை பர்ஸான் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. ஆசிரியர் அறையில் விசாரித்தபோது எல்லாரும் குனிந்துகொண்டார்கள். "அந்த வீட்டுக்கு இனிப் போகாதீங்க சேர்" என்று மட்டும் ஒருவர் சொன்னார்.

கலந்தர் போனார்.

தறிச் சத்தம் கேட்கும் அந்த ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அதுவும் கேட்டது. டுமீல், டுமீல்.

கதவு உள்ளே பூட்டியிருந்தது. வெகுநேரம் தட்டிய பிறகே ஸுலைஹா திறந்தாள். டீவிக்கு முன்னால் புதுப் பெட்டி ஒன்று இருந்தது. முந்தியதைவிடப் பெரியது. அதன் முன்னால் பர்ஸான். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பொத்தான்கள் மாறிப் பூட்டப்பட்டிருந்தன.

"பர்ஸான்."

அவன் திரும்பவில்லை.

கலந்தர் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். அவன் முகம் அவர் பக்கம் வந்தது, பார்வை வரவில்லை. கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. பெருவிரல்கள் நிற்கவில்லை.

"ஆரு ராத்தா இதக் குடுத்த? திரும்பவும் வாப்பா அனுப்பினாரா?"

"இல்ல சேர். நான்தான். கல்முனைக்குப் போய் வாங்கி வந்த."

"நீங்களா? அவன் கேட்டு அடம்புடிச்சானா?"

"அவன் கேக்கல்ல. வேணாம் உம்மா, பள்ளிக்கூடம் போறன் எண்டு கால்ல விழுந்து அழுதான். நான்தான் கையப் புடிச்சி இருத்திவெச்ச."

கலந்தர் அவளிடம் திரும்பினார். "நீங்க ஒரு தாயா? அல்லாஹ்வுக்குப் பயமில்லையா? பெத்த புள்ளய நீங்களே பைத்தியமாக்குறீங்களே!"

ஸுலைஹா கதவின் பெரிய தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"பைத்தியமாகட்டும் சேர். பைத்தியமெண்டாலும் ஊட்டுக்குள்ள என்ட கண்ணுக்கு முன்னால இரிப்பான். இவன்ட நானா, என்ட மூத்த மகன், ஒரு நாளும் பள்ளிக்கூடம் விடாதவன். அப்படிப் போன ஒரு நாள்தான் வழியில ஆயுதக்காரனுகள் பஸ்ஸ மறிச்சி அவன எறக்கிக்கொண்டு போனானுகள், இன்னும் அவன்ட செத்த மையத்துகூட ஊட்டுக்கு வரல்ல."