கிருபாமணி ஜெபிக்கட்டும்

திறக்கக் கூடாது.

எமிலி கதவுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நின்றால் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போய்விடும். தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

வெளியே படியில் கிருபாமணி.

"எக்கா... எமிலியக்கா..."

தினமும் சாயங்காலம் வருகிறவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிருபாமணியின் மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனான். இருக்கிறானா, இல்லையா, ஒரு தகவல் கிடையாது. அன்று அழுதுகொண்டு வந்தவளின் தலையில் கைவைத்து எமிலி ஜெபித்தாள். அழுகை நின்றது. மறுநாளும் வந்தாள்.

உனக்காக நீயே ஜெபி என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை. பாவம் என்று பார்த்தாள். பூசி மெழுகுவானேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அக்கா ஜெபித்தால்தான் எனக்குத் தூக்கமே வருகிறது என்று ஒருத்தி கோயில் வாசலில் நின்று சொன்னால் யாருக்குக் கசக்கும்?

ஜெபத்தோடு நிற்கவில்லை. உபவாசமும் எமிலியின் தலையில் வந்து விழுந்தது. கிருபாமணிக்குப் பசி தாங்காதாம். வெள்ளிக்கிழமைதோறும் அவளுக்காக எமிலி பட்டினி கிடந்தாள். அவளோ நெத்திலிக் குழம்பு வைத்து, அக்கா உபவாசம் முடித்ததும் சாப்பிடட்டும் என்று ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுப்பாள். நல்ல மனசுதான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

எமிலிக்கு ஈரலில் கட்டி. கிறிஸ்மஸைப் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கிருபாமணிக்குத் தெரியாது. தெரிந்தால் இதற்கும் இங்கேயே வந்து அழுவாள்.

தனக்குப் பிறகு அவளுக்கு யார்? எமிலிக்குக் கட்டியைவிட அதுதான் வலித்தது. நேற்று உட்கார வைத்து, இனி நீயே முழங்கால் போடு, ஆண்டவரோடு பேச நடுவில் நான் எதற்கு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். கிருபாமணி தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, இன்றும் வந்து நிற்கிறாள்.

தட்டினாள். கூப்பிட்டாள். மறுபடியும் தட்டினாள்.

பிறகு சத்தமே இல்லை.

போய்விட்டாளா? செருப்புச் சத்தம் கேட்கவில்லையே. எமிலி எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

கிருபாமணி படியில் முழங்கால் போட்டிருந்தாள். சேலையால் முக்காடு போட்டு, கண்ணை இறுக மூடியிருந்தாள். உதடு அசைந்தது.

எமிலி கைகூப்பினாள். போதும் ஆண்டவரே, இது போதும்.

காதைக் கதவோடு வைத்துக் கேட்டாள்.

"எமிலியக்காவோட ஏசப்பா... எனக்கு ஒம்மகிட்ட பேசத் தெரியாது. அக்காவக் கதவத் தெறக்கச் சொல்லும்."

எமிலியின் கை தாழ்ப்பாளில் போய் நின்றது.

திறந்தால், கிருபாமணி இந்தப் படியைவிட்டு என்றைக்கும் போக மாட்டாள்.

திறக்காவிட்டால், பிறந்ததிலிருந்து அவள் தன் வாயால் கேட்ட ஒரே ஜெபம் காற்றோடு போய்விடும். அப்புறம் இன்னொரு முறை கேட்பாளா?

வெளியே அதே வார்த்தைகள் மறுபடியும் வந்தன. இந்த முறை அழுகையோடு.

எமிலி தாழ்ப்பாளை நீக்கினாள்.

கிருபாமணி கண்ணைத் திறந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மகன் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து எமிலி பார்த்ததில்லை.

"கேட்டுட்டாருக்கா! கேட்ட ஒடனே ஒங்கள அனுப்பிட்டாரே. இனி எனக்கு என்னக்கா கவல?"

அவள் எழுந்திருக்கவில்லை. எமிலி ஆரம்பிக்கட்டும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தாள்.