பின் சீட்

ஷர்மினி அந்த செகண்ட் ஹேண்ட் மைவி காரை வாங்கிச் சில மாதங்கள் ஆகிவிட்டன. அம்மா வாசுகி அதுவரை அதன் முன் சீட்டில் உட்கார்ந்ததில்லை.

அன்றைக்கும் அப்படித்தான். சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க, கூலாயிலிருந்து தங்காக்கிற்குப் புறப்பட்டார்கள். ஷர்மினி எட்டி இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். அம்மா அதைச் சாத்திவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார்.

"முன்னால வாங்களேம்மா."

"எனக்கு இங்கதான் வசதி. நீ ஓட்டு."

ஷர்மினி காரைக் கிளப்பினாள். ஹைவே ஏறியதும் அவள் மனசு வழக்கம்போல மிதக்கத் தொடங்கியது. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். எதிர்த்தடத்தில் வரிசையாகக் கார்கள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கார் என்றால் முகம். பழைய குட்டிக் கார்களுக்கு உருண்டைக் கண். எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்படும். இப்போது வருகிறவற்றுக்குக் கண் இடுங்கிப் போயிருக்கிறது, யாரையோ முறைக்கிற மாதிரி. கார்களும் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டன போல என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் கார் வரைவாள். பெரியவளானதும் கார் வடிவமைக்கப் போவதாக எல்லாரிடமும் சொல்லித் திரிந்தாள். பெரியவளும் ஆகிவிட்டாள். கார் கம்பெனிகள் இருக்கும் சிலாங்கூருக்கும் போகவில்லை, ஜப்பானுக்கும் போகவில்லை. செனாய் ஃபேக்டரியில், டேஷ்போர்டு மூடியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை.

வளர்வது என்றால் சீட் மாறுவதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. முதலில் அம்மா மடி. பிறகு பின் சீட்டில் ஜன்னல் ஓரம். பிறகு அடம் பிடித்து முன் சீட். இப்போது ஸ்டியரிங். இவ்வளவு தூரம் வந்து திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் ஆள் இல்லை.

"அம்மா, நான் ஒரு கார் வரைஞ்சேன்னா பின் சீட்டே வைக்கமாட்டேன். முன்னால நீளமா ஒரே பெஞ்சு. எல்லாரும் வரிசையா உட்கார்ந்து மழையைப் பாத்துக்கிட்டே போலாம்."

பின்னாலிருந்து பதில் வந்தது.

"ரோட்டைப் பாரும்மா."

தங்காக்கில் துணிக்கடை வாசலில் ஷாமளா அத்தை காத்திருந்தார். அப்பாவின் தங்கை. அம்மா பின் கதவைத் திறந்து இறங்குவதைப் பார்த்ததும் சிரித்தார்.

"அண்ணி, நல்ல டிரைவர் வெச்சிருக்கீங்க."

அம்மாவும் சிரித்தார். ஷர்மினிக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கடைக்குள் சேலை பார்க்கும்போது அத்தை அவள் காதோரம் கேட்டார்: "ஏன்மா, நீ ஓட்டுறதுல அம்மாவுக்கு நம்பிக்கை இல்லையா?"

"என்னமோ அத்தை. அவங்களுக்கு நான் இன்னும் சின்னப் பிள்ளைதான்."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த வார்த்தை அவளையே குத்தியது.

திரும்பும்போது ஷர்மினி ஒரு காரியம் செய்தாள். சேலைப் பைகளையும் அத்தை கொடுத்த பலாப்பழத்தையும் பின் சீட் முழுக்கப் பரப்பி வைத்தாள். சாமான் வைக்கிற பூட் காலியாகத்தான் இருந்தது.

அம்மா பின் சீட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். முன்னால் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டார்.

ஷர்மினிக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. பாகோ தாண்டியதும் மழை பிடித்தது. வைப்பர் ஆட ஆட, கண்ணாடியில் உலகம் கரைந்து கரைந்து திரும்பி வந்தது. முன்னால் மரம் ஏற்றிய ஒரு லாரி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது.

"பாருங்கம்மா, எவ்வளவு அழகா இருக்கு."

ஒரு கணம் இடப்பக்கம் பார்த்தாள்.

அம்மா கண்களை இறுக மூடியிருந்தார். ஒரு கை கதவுக்கு மேலிருந்த பிடியை இறுகப் பற்றியிருந்தது. ஏர்கான் குளிரிலும் நெற்றியில் வியர்வை. வலது கால், இல்லாத பிரேக்கைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது.

"அம்மா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ ஓட்டு." குரல் நடுங்கியது.

ஷர்மினி வேகத்தைக் குறைத்தாள். சிக்னல் போட்டு, அடுத்து வந்த ஓய்விடத்தில் காரை நிறுத்தினாள். நின்ற பிறகும் அம்மாவின் விரல்கள் பிடியை விடவில்லை. இவள்தான் மெல்லப் பிரித்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நான் ஓட்டினா அவ்வளவு பயமாம்மா?"

"உன்னால இல்லடா." அம்மா மூச்சு விட்டுக்கொண்டார். "நீ ஸ்டாண்டர்ட் டூ படிக்கிறப்ப, பாத்ரூம்ல வழுக்கி விழுந்து எனக்குக் கை ஒடஞ்சிடுச்சின்னு சொன்னேன்ல? அது பாத்ரூம்ல இல்ல. அப்பா ஓட்டினாரு, நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். லாரிக்குப் பின்னால போயி மோதிட்டோம். அதுக்கப்புறம்தான் அப்பா காரை வித்துட்டு மோட்டார் சைக்கிளுக்குப் போனாரு."

"எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே."

"எந்நேரமும் கார் படமா வரைஞ்சிக்கிட்டு இருந்த பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?"

மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. ஷர்மினிக்குப் பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"இவ்வளவு பயத்தை வெச்சிக்கிட்டு ஏம்மா ஒவ்வொரு தடவையும் என்கூட வர்றீங்க? பஸ்ல வந்திருக்கலாமே."

"எம்பொண்ணு கார் வாங்கியிருக்கா, நான் பஸ்ல போவேனா?"

அம்மா புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் போலத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"பக்கத்துல உட்கார்ந்தா நான் நடுங்குறத நீ பாத்துடுவ. பாத்தா உனக்கும் பயம் வந்துடும்லா. அதான் பின்னாலயே உட்கார்ந்துக்கிட்டேன்."