ஒரு கப்பல் பாக்கி

கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தின் மெயில் பெட்டிகளையெல்லாம் செல்வின் புது சர்வருக்கு மாற்றிவிட்டான். பழையதை மட்டும் அணைக்கவில்லை. இடம் மாறியது தெரியாத மெயில்கள் கொஞ்ச நாள் பழைய வாசலுக்கே வரும். கப்பல்கள் ஒவ்வொன்றாகப் புது வாசலைக் கண்டுகொண்டன, ஒன்றைத் தவிர. பில் போடும் பியூலாவின் கணவன் இருந்த கப்பல் அது. அதிலிருந்து யாருக்கும் ஒரு வரிகூட வரவில்லை.

"இன்னும் எதுக்குப்பா இது ஓடுது?" என்றார் மேனேஜர்.

"ஒரு கப்பல் பாக்கி இருக்கு சார்."

செல்வின் பழைய சர்வரைத் தூக்கி வந்து பியூலாவின் மேசைக்கடியில் வைத்தான்.

"சத்தம் போடுதேண்ணே."

"போடட்டும்மா. நின்னா மட்டும் என்னையக் கூப்பிடு."

செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் பின்புறம் வரும் வெதுவெதுப்பான காற்றில் பாதங்களை வைத்தபடி அவள் பில் அடித்தாள்.

இன்று மதியம் கரண்ட் போனது. யூபிஎஸ் கீச்சிட்டது, எல்லாவற்றுக்கும் சேர்த்து அதன் சார்ஜ் அதிக நேரம் தாங்காது. ஒவ்வொருவராகத் தங்கள் கம்ப்யூட்டரை அணைத்தார்கள். கடைசியில் மேனேஜரின் திரையும் இருண்டது. பியூலாவின் மேசைக்கடியில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.