டிராக் மோடு

"இதைவிடக் கெட்டியா வராதா தம்பி?" என்று சிங்காரவேலு கேட்டதும், வண்டி விற்றுவிட்டது என்றே முடிவு கட்டினான் சதீஷ்.

பின்னே? மற்றவர்கள் கலர் கேட்பார்கள், கதவில் சாய்ந்து செல்ஃபி எடுப்பார்கள், போய்விடுவார்கள். சஸ்பென்ஷனைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் இவர்தான். மார்ச் முடிவதற்குள் ஒரு வண்டியாவது போகவில்லை என்றால் வேலை காலி என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இன்று முப்பத்தொன்று. ஒரே ஒரு போனை நம்பி, சென்னையிலிருந்து நன்னிலம் பக்கத்துக் கிராமத்துக்கு அந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"இந்த ரோட்டுல பஸ் வராதா சார்?"

"நாலு நாளா நின்னுபோச்சு. அதனாலதான் உங்களக் கூப்புட்டேன்."

பஸ் நின்றதற்கு ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிற மனுஷர். இவருடைய இரண்டு பையன்களும் சிங்கப்பூரில் என்று ஊருக்குள் வழி கேட்டபோது சொன்னார்கள். வாங்கட்டுமே, யார் வேண்டாம் என்றது?

"மூணு மோடு இருக்கு சார். கம்ஃபர்ட், ஸ்போர்ட், டிராக். பட்டனத் தட்டினா சஸ்பென்ஷன் இறுகி, வண்டி தரையோட ஒட்டிக்கும்."

"கம்ஃபர்ட் மெத்து மெத்துனு இருக்கு, ஆவாது. அடுத்ததப் போடுங்க."

ஸ்போர்ட்டில், வாய்க்கால் பாலத்திலிருந்து பிள்ளையார் கோயில் வரை நாலு தடவை போய் வந்தார்கள். சாலை நெடுகக் காய்ந்த செடி எதுவோ கிடந்து சக்கரத்தில் சரசரத்தது. இந்த ஊரில் ரோட்டைக் கூட்டவே மாட்டார்கள் போலிருக்கிறது.

"ஹைவேல ஒரு ரவுண்டு போலாமா சார்?"

"வேணாம் தம்பி. ஒரே ரோட்டுல ஓட்டிப் பாத்தாதான் வித்தியாசம் தெரியும்."

விவரமான மனுஷர். சதீஷுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

டிராக் மோடில் எலும்பெல்லாம் கலகலத்தது. சிங்காரவேலு முகத்தில் அப்போதுதான் சிரிப்பே வந்தது.

"இது அழுத்தம். கொஞ்சம் எடப்பக்கம் ஒதுக்கி ஓட்டுங்க, அங்க இன்னும் ஓட்டல."

டயர் டயராகச் சோதிக்கிறாரே என்று சதீஷ் மெய்சிலிர்த்துப் போனான். மறுபேச்சுப் பேசாமல் இன்னும் பத்துத் தடவை ஓட்டினான். வேலை தப்பித்தது என்று குலதெய்வத்துக்கு ஒரு கும்பிடும் போட்டான்.

கடைசியில் வண்டியை நிறுத்திவிட்டு, புக்கிங் ஃபாரத்தையும் பேனாவையும் நீட்டினான்.

"டிராக் மோடு திருப்தியா சார்?"

"பரம திருப்தி" என்ற சிங்காரவேலு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் திரும்பிப் பார்த்தார். அங்கே அவர் மனைவி அகிலாண்டம் குனிந்து, ரோட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் ஊதிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உளுந்து பூரா உதிந்துடுச்சுங்க, தம்பிக்கு மோரக் குடுத்து அனுப்பிடலாம்."