வெள்ளைக் கைக்குட்டையின் மறுமுனை

சென்னையில் மிஞ்சிய பார்சிகள் தினாஸும் அவள் கணவர் ஹோமியும்தான். இனம் அழியக் கூடாதென்று அரசாங்கம் ஆய்வகத்தில் ஒரு பிள்ளையை வளர்த்து, தினாஸின் அறுபத்தைந்தாவது வயதில் அவள் கையில் கொடுத்தது. அதற்குப் பெயர் வைப்பதற்குள் ஹோமி போய்விட்டார்.

சவ வண்டியின் பின்னால் பார்சிகள் தனியாக நடக்கக் கூடாது. ஒரு வெள்ளைக் கைக்குட்டையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, ஜோடியாகத்தான் நடக்க வேண்டும்.

"நான் புடிச்சுக்கட்டுமாம்மா?" என்றார் பிள்ளையைக் கொடுத்த அரசுத் திட்டத்தின் அதிகாரி.

"நீங்க பார்சி இல்லையே சார்."

பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மறுமுனையை அதன் விரல்களுக்குள் வைத்தாள். பிஞ்சுக் கை இறுகப் பற்றிக்கொண்டது. இரண்டடி வைத்ததுமே தினாஸ் நின்றுவிட்டாள்.

"நான் போறப்போ நீ யார்கூடடா நடப்ப?"

"கவலைப்படாதீங்கம்மா," என்றார் அதிகாரி பின்னாலிருந்து. "அதுக்குன்னே இன்னொண்ணு வளர்த்துட்டிருக்கோம்."